பழைய லிஃப்ட் பாகங்களைச் சேர்ப்பது: பித்தளையை விட அது வந்த கட்டடம் முக்கியம்

கேள்வி இது: "நியூயார்க்கில் பழைய சாமான் விற்கும் இடத்தில் லிஃப்ட் வாசலுக்கு மேலே மாட்டியிருக்கும் மாடி காட்டி ஒன்று வாங்கினேன். பாதி வட்டத்தில் எண்கள், நடுவில் அம்பு போல ஒரு முள், பார்த்தால் பித்தளை. நன்றாகக் கறுத்துப் போயிருக்கிறது. எப்படிச் சுத்தம் செய்வது? எந்தக் காலத்தது என்று கண்டுபிடிக்க முடியுமா? இதுபோல மேலும் சேர்க்க ஆசை, எதைச் சேர்க்கலாம்?"

முதலில் சுத்தத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதில்தான் அவசரம். இப்போதைக்கு அதைத் தொடாதீர்கள். புளி வேண்டாம், எலுமிச்சை வேண்டாம், கடையில் விற்கும் பாலிஷ் வேண்டவே வேண்டாம். ஒரு காந்தத்தை எடுத்து எல்லாப் பக்கமும் வைத்துப் பாருங்கள். ஒட்டினால் அது பித்தளை இல்லை, இரும்பின் மேல் செம்போ வெண்கலமோ மின்முலாம் பூசியது. அமெரிக்காவில் 1890-களில் செய்த லிஃப்ட் கம்பித்தட்டிகளும் அலங்காரத் தகடுகளும் நிறையவே இந்த வகைதான். அந்த முலாம் மிக மெல்லியது, ஒரு மாலை முழுக்க உட்கார்ந்து தேய்த்தால் போதும், அடியிலிருக்கும் இரும்பு எட்டிப் பார்த்துவிடும், பிறகு அதைத் திருப்பிக் கொண்டுவர வழி இல்லை. இன்னொரு வகையும் உண்டு: பவர்-பார்ஃப் என்ற முறையில், பழுக்கச் சூடாக்கிய இரும்பின் மேல் நீராவியைச் செலுத்தி, துருப்பிடிக்காத கறுப்பு ஆக்சைடு படலம் ஒன்றை வரவழைப்பார்கள். அந்தக் கறுப்பு அழுக்கு இல்லை, அதுதான் அந்தப் பொருளின் முகம். அதை அழுக்கு என்று நினைத்து உப்புத்தாள் போட்டுத் தேய்த்து வெள்ளையாக்கி, மேலே தெளிவான வார்னிஷ் அடித்து விற்பனைக்கு வைத்திருக்கும் தகடுகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிகிறது.

காந்தம் ஒட்டவில்லை, உண்மையிலேயே பித்தளைதான் என்றாலும் நிதானம் வேண்டும். பல பித்தளை பாலிஷ்களில் அம்மோனியா இருக்கிறது. தகடாக அடித்தோ இழுத்தோ வடிவமைத்த பித்தளைக்குள் இழுவிசை தங்கியிருக்கும், அதோடு அம்மோனியா சேர்ந்தால் நாளடைவில் விரிசல் விடும். இது பழைய பாடம்: பிரிட்டிஷ் இந்தியாவில் மழைக்காலத்தில் குதிரை லாயங்களில் அடுக்கி வைத்த தோட்டாக்களின் பித்தளை உறைகள் தாமாகவே விரிசல் விட்டுப் பிளந்தன, குதிரை மூத்திரத்திலிருந்து வந்த அம்மோனியாதான் காரணம் என்று பின்னாளில் தெரிந்தது. ஆகவே வெதுவெதுப்பான தண்ணீர், காரமில்லாத சோப்பு இரண்டு சொட்டு, மென்மையான தூரிகை, உடனே துடைத்து நன்றாக உலர்த்துதல், அவ்வளவுதான். மேலே மஞ்சளாகிச் செதில் செதிலாக உரியும் பழைய லேக்கர், அதாவது நிறமில்லாத காப்புப் பூச்சு, இருந்தால், பின்பக்கத்தில் ஒரு மூலையில் மட்டும் பஞ்சில் அசிட்டோன் தொட்டுச் சோதித்துப் பாருங்கள். எண்கள் வண்ணத்தில் நிரப்பியவையாக இருந்தால் அசிட்டோன் அதையும் கரைத்துக்கொண்டு போகும், ஜாக்கிரதை. கடைசியாக மைக்ரோகிரிஸ்டலின் மெழுகு மெல்லியதாக ஒரு பூச்சு. வேண்டாம் என்றால் எப்போது வேண்டுமானாலும் எடுத்துவிடலாம், அதனால்தான் மெழுகைச் சொல்கிறேன்.

திருகாணிகள்: அசலானவை ஒற்றைப் பள்ளம் கொண்டவை. துருப்பிடித்து இறுகியிருந்தால் துரு இளக்கும் எண்ணெயை விட்டு ஒன்றிரண்டு நாள் காத்திருங்கள். தலை சிதைந்தாலும் அதே ஆணியைப் பத்திரப்படுத்துங்கள், புது நட்சத்திர ஆணி போட வேண்டாம்.

இப்போது காலம். உங்கள் மாடி காட்டியில் எண்கள் எப்படி வரிசையாக இருக்கின்றன என்று எழுதி வைத்தீர்களா? அதுதான் அந்தக் கட்டடத்தின் கைரேகை. 13 இருக்கிறதா, அல்லது 12-க்கு அடுத்து 14 வந்துவிடுகிறதா? அமெரிக்கக் கட்டடங்களில் 13-ஐ விட்டுவிடுவது வழக்கம். அடித்தளத்துக்கு ஒரு எழுத்து இருக்கிறதா, முதல் மாடிக்கும் இரண்டாம் மாடிக்கும் நடுவே இடைமாடி இருக்கிறதா, 1-லிருந்து நேராக 15-க்குத் தாவுகிறதா? தாவினால் அது உயரமான கட்டடத்தின் எக்ஸ்பிரஸ் லிஃப்ட். இத்தனை விவரம் கையில் இருந்தால், பழைய தீக்காப்பீட்டு வரைபடங்களில் தேடலாம். சான்பார்ன் நிறுவனம் அமெரிக்க நகரங்களுக்குத் தெருத் தெருவாக வரைந்த அந்த வரைபடங்களில் மாடி எண்ணிக்கை, சுவர் எதனால் ஆனது, லிஃப்ட் எங்கே இருக்கிறது என்பது வரை குறித்திருப்பார்கள், ஏனென்றால் லிஃப்ட் குழிதான் தீ மேலே ஏறும் வழி, காப்பீட்டுக்காரருக்கு அது முக்கியம்.

அடுத்து பின்பக்கம் பாருங்கள். காப்புரிமைத் தேதியோ எண்ணோ வார்த்திருக்கலாம். 1927-க்கு முன்னால் அமெரிக்காவில் தேதியை மட்டும் பொறித்தால் போதும், அதன் பிறகுதான் காப்புரிமை எண்ணைப் பொறிக்க வேண்டும் என்று சட்டம் வந்தது. ஆக, தேதி மட்டும் இருந்தால் பெரும்பாலும் அதற்கு முந்தையது. ஆனால் அந்தத் தேதி பொருள் செய்த தேதி இல்லை, "இதற்கு முன்னால் இல்லை" என்பதை மட்டும்தான் அது சொல்லும். நிறுவனப் பெயரும் உதவும். ஏ.பி. சீ என்ற பெயர் இருந்தால், அந்த லிஃப்ட் நிறுவனத்தை 1937-ல் வெஸ்டிங்ஹவுஸ் வாங்கிவிட்டது. ஸ்ப்ரேக் என்றால் 1890-கள், ஏனென்றால் அவர்களுடைய லிஃப்ட் தொழில் 1898-லேயே ஓட்டிஸ் என்ற பெரிய லிஃப்ட் நிறுவனத்தின் கைக்குப் போய்விட்டது. இங்கிலாந்துச் சரக்கில் வேகுட்-ஓட்டிஸ் என்று இருந்தால் 1914-லோ அதற்குப் பிறகோ. ஹாட்டன் என்றால் ஓஹையோவின் டொலீடோ நகரத்து நிறுவனம், 1979-ல் ஷிண்ட்லர் வாங்கியது. இப்படி நிறுவனங்கள் ஒன்றை ஒன்று விழுங்கிய தேதிகளை ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள், கையில் கிடைக்கும் பாதிப் பொருளுக்கு அதுவே காலம் சொல்லிவிடும்.

விற்பவர் "ஓட்டிஸின் முதல் லிஃப்டிலிருந்து வந்தது" என்று சொன்னால் நம்ப வேண்டாம். அந்த நிறுவனத்தைத் தொடங்கிய எலைஷா ஓட்டிஸ் 1854-ல் நியூயார்க் கிரிஸ்டல் பேலஸ் கண்காட்சி அரங்கில் ஒரு மேடையில் ஏறி நின்று, அதைத் தாங்கும் கயிற்றை வெட்டச் சொன்னார் இல்லையா, அந்தக் காட்சியைப் பற்றி எல்லோருக்கும் தெரியும். அதன் உட்பொருள் எளிமையானது: மேலே ஒரு வண்டி வில் (ஸ்பிரிங்), கயிற்றின் இழுவை இருக்கும்வரை வில் வளைந்தே இருக்கும், கயிறு அறுந்தால் வில் நிமிர்ந்து இரண்டு பக்கத் தண்டவாளங்களிலும் வெட்டியிருக்கும் பற்களில் போய் மாட்டிக்கொள்ளும். 1857 மார்ச் 23 அன்று பிராட்வேயில் ஹாவட் என்பவரின் பீங்கான், கண்ணாடிச் சாமான் கடையில் பயணிகளுக்கான அவருடைய முதல் லிஃப்ட் ஓடியது. நீராவியில், நிமிடத்துக்கு 40 அடி. வார்ப்பிரும்பு முகப்போடு அந்த ஐந்து மாடிக் கட்டடம் இன்றும் புரூம் தெரு முனையில் நிற்கிறது. லிஃப்ட் மட்டும் சில வருடங்களிலேயே கழற்றப்பட்டுவிட்டது. லிஃப்டின் வரலாறு நெடுக இதுதான் நடக்கிறது, கட்டடத்தைக் காப்பாற்றுகிறவர்கள்கூட லிஃப்டைக் காப்பாற்றுவதில்லை. அது யந்திரம், பழசானால் மாற்றவேண்டியது என்றுதான் எல்லோருக்கும் எண்ணம்.

அதனால்தான் சேகரிக்கும் ஒவ்வொருவரும் சிகாகோ பங்குச் சந்தைக் கட்டடத்தின் கதையைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று நினைக்கிறேன். அட்லர், சலிவன் என்ற இரண்டு கட்டடக் கலைஞர்கள் வடிவமைத்து 1894-ல் முடித்த 13 மாடிக் கட்டடம் அது. அதன் லிஃப்ட் கம்பித்தட்டிகள் லூயி சலிவனின் கற்பனை, விதையும் முளையும் போன்ற உருண்டைகள் வரிசையாகக் கோத்த இரும்பு வேலை. 1971-ன் கடைசியில் இடிக்கத் தொடங்கினார்கள். ரிச்சர்ட் நிக்கல் என்ற புகைப்படக்காரர் பல வருடங்களாகவே சலிவனின் கட்டடங்கள் இடிபடும்போதெல்லாம் உள்ளே புகுந்து அலங்காரத் துண்டுகளைக் கையால் கழற்றி மீட்டுவந்தவர், இங்கேயும் போனார். 1972 ஏப்ரல் 13 அன்று உள்ளே போனவர் மேலே இருந்த தளம் இடிந்து விழுந்து இறந்துபோனார், உடல் கிடைத்தது மே 9-ல்தான். அவருக்கு வயது 43. அந்தக் கட்டடத்தின் லிஃப்ட் தட்டிகள் இன்று சிகாகோ ஆர்ட் இன்ஸ்டிடியூட்டிலும் வேறு பல அருங்காட்சியகங்களிலும் இருக்கின்றன, நுழைவு வளைவு ஆர்ட் இன்ஸ்டிடியூட்டுக்கு வெளியே நிற்கிறது. வேறு கட்டடங்களிலிருந்து அவர் முன்பே சேர்த்த பெரிய தொகுப்பு தெற்கு இல்லினாய் பல்கலைக்கழகத்தின் எட்வர்ட்ஸ்வில் வளாகத்தில் இருக்கிறது. நிக்கலிடம் நான் மதிப்பது அவருடைய துணிச்சலை விட அவருடைய ஒழுங்கைத்தான். கழற்றுவதற்கு முன் படம் எடுத்தார், எந்தக் கட்டடம், எங்கே இருந்தது என்று தெரியும்படி வைத்தார். அதனால்தான் அந்தத் துண்டுகள் இன்று சலிவனைப் பற்றிப் பேசுகின்றன.

சரி, எதைச் சேர்ப்பது? எல்லோரும் சேர்ப்பது வாசலில் கண்ணுக்குத் தெரிவதை: மாடி காட்டி, பொத்தான் தகடு, கம்பிக்கதவு, வாசற்படியில் நிறுவனப் பெயர் வார்த்த பட்டை. அவற்றை நான் குறை சொல்லவில்லை, உங்களுடையதும் அழகான பொருள்தான். ஆனால் மொட்டை மாடிக்கு மேலே இருக்கும் யந்திர அறையிலிருந்து வருவதைத்தான் யாரும் கேட்பதில்லை, அது நேராகக் காயலாங்கடைக்குப் போகிறது. என் விருப்பம் அங்கேதான்.

செலக்டர் என்று ஒரு யந்திரம் உண்டு. ஆள் உயரத்துக்கு நிற்கும் ஒரு சட்டம், அதில் மாடிக்கு ஒரு வரிசை செம்புத் தொடுமுனைகள், நடுவே மேலும் கீழும் நகரும் ஒரு சிறு வண்டி. லிஃப்ட் பெட்டியோடு இணைத்த எஃகுப் பட்டை இந்த வண்டியை நகர்த்தும். கட்டடம் முழுக்க லிஃப்ட் பயணம் செய்யும் தூரத்தை இந்தச் சட்டம் சில அடிகளுக்குள் சுருக்கிக் காட்டுகிறது. பெட்டி 9-ம் மாடியை நெருங்கும்போது இந்தக் குட்டி வண்டியும் 9-ம் வரிசையை நெருங்கும், தொடும், வேகத்தைக் குறைக்கச் சொல்லும், நிறுத்தச் சொல்லும். கணினிக்கு முந்திய காலத்தில் லிஃப்டுக்கு நினைவாக இருந்தது இதுதான். நல்ல நிலையில் ஒன்று கிடைப்பது அபூர்வம், கிடைத்தால் வைக்க இடமும் வேண்டும். முழுசாக முடியாவிட்டால் ஒரு மாடியின் தொடுமுனைத் தொகுதியையாவது எடுத்து வையுங்கள்.

கவர்னர் இன்னொன்று. இரண்டு உருண்டைகள் சுழலும், பெட்டி அளவுக்கு மீறி வேகமெடுத்தால் உருண்டைகள் விரிந்து ஒரு தாடையை விடுவிக்கும், தாடை ஒரு தனிக் கயிற்றைப் பிடிக்கும், அந்தக் கயிறு பெட்டிக்கு அடியில் இருக்கும் ஆப்புகளை இழுத்துத் தண்டவாளத்தில் இறுக்கும். ஓட்டிஸின் வண்டி வில்லுக்கு அடுத்த தலைமுறை இது. பார்க்கவும் அழகு, நடுத்தர அளவு, மேசை மேல் வைக்கலாம். ஆனால் ஒருபோதும் ஓடும் லிஃப்டில் திருப்பிப் பொருத்தக் கொடுக்காதீர்கள், எவ்வளவு கேட்டாலும்.

லிஃப்ட் ஓட்டியவரின் கைப்பிடியும் அப்படித்தான். பெட்டிக்குள் ஒரு வட்டப் பெட்டியின் மேல் இருக்கும் பித்தளைப் பிடி, ஒரு பக்கம் தள்ளினால் மேலே, மறுபக்கம் தள்ளினால் கீழே, கையை விட்டால் வில் அதை நடுவுக்குக் கொண்டுவந்து லிஃப்டை நிறுத்திவிடும். மாடித் தரையோடு பெட்டியின் தரையைச் சமமாக நிறுத்துவது முழுக்க அவருடைய கைப்பழக்கம். 1924-ல் ஓட்டிஸ் நியூயார்க்கின் ஸ்டாண்டர்ட் ஆயில் கட்டடத்தில் சிக்னல் கன்ட்ரோல் என்ற முறையைக் கொண்டுவந்தபோது, சமமாக நிறுத்தும் வேலை யந்திரத்திடம் போனது. ஓட்டுநர் பொத்தான் அழுத்தினால் போதும். 1945 செப்டம்பரில் நியூயார்க்கில் லிஃப்ட் ஓட்டுநர்களும் மற்ற கட்டடத் தொழிலாளர்களுமாக ஏறக்குறைய 15,000 பேர் வேலைநிறுத்தம் செய்து நகரத்தின் அலுவலகங்களை ஸ்தம்பிக்க வைத்தார்கள். அதன் பின் ஓட்டுநர் இல்லாத லிஃப்டுகளுக்குக் கட்டட உரிமையாளர்களிடையே ஆர்வம் வளர்ந்தது, 1950-களில் அந்தத் தொழிலே கரையத் தொடங்கியது. அந்தப் பித்தளைப் பிடியில் கை பட்டுப் பட்டுத் தேய்ந்து மின்னும் இடத்தைப் பாலிஷ் போட்டு மற்ற இடங்களோடு ஒன்றாக்குவது எனக்குச் சம்மதமே இல்லை, ஒரு மனிதர் தினமும் பிடித்த இடம் அது.

பொத்தான்களிலும் சரித்திரம் இருக்கிறது. விரல் பட்டால் ஒளிரும் தொடு பொத்தான்கள் போருக்குப் பிந்தைய காலத்தில் வந்தன, அழுத்தவே வேண்டாம் என்பது அன்றைக்குப் பெரிய நவீனம். 1970 ஆகஸ்டில் நியூயார்க்கின் ஒன் நியூயார்க் பிளாசா கட்டடத்தில் தீப்பிடித்தபோது, தீயின் வெப்பமே அழைப்புப் பொத்தானை இயக்கி லிஃப்டை எரியும் 33-ம் மாடிக்கு வரவழைத்தது, உள்ளே இருந்த காவலாளிகள் இரண்டு பேர் இறந்தார்கள். 1973-ல் அந்த நகரம் உயர்ந்த அலுவலகக் கட்டடங்களுக்குத் தனித் தீப்பாதுகாப்புச் சட்டம் கொண்டுவந்தது. வெப்பத்தில் இயங்கிவிடும் தொடு பொத்தான் வேண்டாம் என்ற எச்சரிக்கையும் பரவியது. ஆகவே கண்ணாடிக் குழாயோடு கூடிய பழைய தொடு பொத்தான் ஒன்று உங்கள் கைக்கு வந்தால், அதைச் சாதாரண பிளாஸ்டிக் என்று ஒதுக்கிவிடாதீர்கள்.

மன்ஹாட்டனில் இவ்வளவு பழைய யந்திரங்கள் நீண்டகாலம் தாக்குப்பிடித்ததற்கு ஒரு காரணம் மின்சாரம். எடிசன் 1882-ல் பேர்ல் தெருவில் தொடங்கிய நேர்மின்சார (டி.சி.) விநியோகம் அங்கே 2007 நவம்பர் வரை நின்றபாடில்லை. கடைசிக் காலத்தில் அதை வாங்கிக்கொண்டிருந்தவர்களில் பெரும்பாலோருக்கு அது பழைய லிஃப்ட் மோட்டார்களுக்காகத்தான் தேவைப்பட்டது. அதனால் நீங்கள் வாங்கும் பொருளில் நேர்மின்சாரத்துக்கான குறிப்பு இருந்தால் ஆச்சரியப்பட வேண்டாம், அதை நேராக வீட்டுச் சுவர் பிளக்கில் மாட்டவும் வேண்டாம்.

ஆபத்துகள். இதை நான் அழுத்திச் சொல்ல வேண்டும். பழைய கட்டுப்பாட்டுப் பலகைகளில், அதாவது ஸ்லேட் கல்லிலோ பளிங்கிலோ செம்புத் தொடுமுனைகளைப் பொருத்திய அந்தப் பெரிய பலகைகளில், தீப்பொறித் தடுப்பும் மின்கம்பி உறையும் பெரும்பாலும் ஆஸ்பெஸ்டாஸ். பிரேக் பட்டையும் அப்படியே. சுரண்டாதீர்கள், ஊதாதீர்கள், வாக்யூம் வைக்காதீர்கள், அதற்கென்று உரிமம் பெற்றவர்களிடம் கொடுங்கள். சில சுவிட்சுகளில் பாதரசம் கண்ணாடிக்குள் இருக்கும், 1970-கள் வரையிலான கப்பாசிட்டர் எண்ணெயில் பிசிபி என்ற நச்சு வேதிப்பொருள் இருக்கலாம், சாம்பல் நிறப் பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்கும். வீட்டில் குழந்தைகள் இருந்தால் வாசலோரத்துப் பித்தளைச் சாமான்களோடு நிறுத்திக்கொள்வது நல்லது. ஸ்லேட் பலகையைத் தனியாளாகத் தூக்கவும் கூடாது. படுக்கவைத்துத் தூக்கினால் தன் பாரத்திலேயே பிளந்துவிடும், நிமிர்த்தி வைத்தே நகர்த்துங்கள்.

எங்கே கிடைக்கும் என்றால், லிஃப்டை நவீனமாக்கும் வேலை நடக்கும் கட்டடங்களில். கட்டட நிர்வாகத்திடம் எழுதிக் கேளுங்கள், எழுத்தில் அனுமதி வாங்குங்கள், வேலை பார்க்கும் மெக்கானிக்குகளிடம் நட்பாக இருங்கள். அவர்களில் வயதானவர்களுக்குத் தெரிந்தது எந்தப் புத்தகத்திலும் இல்லை, அனுமதி கேட்டு அவர்கள் பேசுவதைப் பதிவு செய்யுங்கள், அதுவும் உங்கள் சேகரிப்பில் ஒரு பொருள்தான். ஆனால் லிஃப்ட் குழிக்குள்ளோ பெட்டியின் கூரை மேலோ நீங்கள் ஏறக்கூடாது, கழற்றும் வேலை அவர்களுடையது. ஓடிக்கொண்டிருக்கும் லிஃப்டிலிருந்து ஒரு பொத்தான் மூடியைக்கூட எடுக்கக்கூடாது. இப்படித் திருடி வந்த பொருள்கள் விற்பனைக்கு வருவதுண்டு, எங்கிருந்து வந்தது என்று விற்பவர் சொல்ல மறுத்தால் வாங்காமல் வந்துவிடுங்கள். கதவுப் பூட்டின் ஒரு சிறு பாகம் குறைந்தால் பெட்டி இல்லாத மாடியில் கதவு திறந்துகொள்ளும், யாரோ ஒருவர் குழியில் விழுவார்.

காகிதத்தைக் கேட்டு வாங்குங்கள். யந்திர அறைச் சுவரில் சுருட்டியோ சட்டத்திலோ இருக்கும் மின்சுற்று வரைபடம், எண்ணெய் விட்ட தேதிகளை எழுதிய அட்டை, பழைய பராமரிப்பு ஏடு, இவைதான் முதலில் குப்பைக்குப் போகின்றன. வரைபடம் இல்லாத கட்டுப்பாட்டுப் பலகை என்ன செய்தது என்பதைப் பின்னால் யாராலும் முழுசாகச் சொல்ல முடியாது. எண்ணெய்க் கறை படிந்த வரைபடத்தைத் தட்டையாக விரித்து, அமிலம் இல்லாத தாளுக்கு நடுவில் வையுங்கள், செல்லோ டேப் ஒட்டாதீர்கள். நிறுவன வெளியீடுகளுக்கு, 1953 முதல் அலபாமாவின் மொபீல் நகரத்திலிருந்து வரும் எலிவேட்டர் வேர்ல்ட் இதழின் பழைய பிரதிகள் பெரிய உதவி.

இன்னொன்றையும் இப்போதே யோசித்துக்கொள்ளுங்கள், பின்னால் இதெல்லாம் யாரிடம் போகும்? நியூயார்க்கின் குவீன்ஸ் பகுதியில், லாங் ஐலண்ட் சிட்டியில், லிஃப்ட் தொழிலிலேயே வாழ்நாளைக் கழித்த ஒருவர் தன் சேகரிப்பை வைத்து 2011-ல் ஒரு சிறு அருங்காட்சியகம் திறந்தார். 2016-ல் அது மூடப்பட்டது. தனி மனிதரின் உழைப்பில் நிற்கும் இடங்களின் நிலை இப்படித்தான். உங்களிடம் ஐந்து பொருள்தான் இருக்கிறது என்றாலும் ஒவ்வொன்றோடும் ஒரு அட்டை கட்டுங்கள்: எந்தக் கட்டடம், எந்தத் தெரு, எந்த மாடி, எந்த லிஃப்ட், யார் கழற்றியது, எந்த வருடம், நீங்கள் என்ன சுத்தம் செய்தீர்கள், எந்த மெழுகு போட்டீர்கள். அந்த அட்டை இருந்தால் ஏதாவது ஒரு நகர வரலாற்றுச் சங்கம் வாங்கிக்கொள்ள வாய்ப்பு உண்டு, இல்லாவிட்டால் பித்தளை எடைக்குத்தான் போகும்.

உங்கள் மாடி காட்டிக்கு வருவோம். விற்றவரிடம் இந்த வாரமே திரும்பப் போய், எந்த இடிபாட்டிலிருந்து வந்தது, அவருக்கு யார் விற்றார் என்று கேளுங்கள், நாளானால் அவருக்கே மறந்துவிடும். முள்ளின் பின்பக்கம் கம்பி சுற்றும் சிறு உருளை இருந்தால் அது யந்திரத்திலிருந்து கம்பியால் இழுத்து ஓடியது, செம்புச் சுருள் இருந்தால் மின்சாரத்தில் ஓடியது. உருளை வகை என்றால் முள்ளை விரலால் தள்ளி விளையாட வேண்டாம், உள்ளே வில் இருந்தால் அறுந்துவிடும். பின்பக்கத்தைப் பக்கவாட்டு வெளிச்சத்தில் படம் எடுத்து, எண் வரிசையையும் சேர்த்து எழுதி அனுப்புங்கள், நிறுவனம் எது என்று பார்த்துச் சொல்கிறேன்.